வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டும் முன் வாருங்கள்

இந்த மாதத்தில் நான் பார்க்கும், பாதியில் நின்ற மூன்றாவது வீடு இது. கூரைத் தளம் போட்டாயிற்று, கதவில்லை, தரையில்லை, கையில் காசுமில்லை. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்குக் கிடைப்பது 3.5 லட்சம். அதற்கு மேல் வட்டிக்கும் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். எங்கே போனது பணம் என்று டேப்பைப் பிடித்து அளந்தேன். தெருவை விட நாலடி உயரப் பேஸ்மட்டம், அதற்குள் கொட்டிய கிராவல், முகப்பில் பெட்டி பெட்டியாக எலிவேஷன் அலங்காரம். அக்கம்பக்கம் முழுக்கத் திண்ணை வைத்த ஓட்டு வீடுகள். இனி மழைத்தண்ணீர் அவர்கள் வாசலில்தான் நிற்கும்.

"அப்போ மட்டமா கட்டச் சொல்றீங்களா சார்?" செலவைக் குறையுங்கள் என்றதும் வீட்டுக்காரர் கேட்ட இந்தக் கேள்விதான் எனக்குப் பொறுக்கவில்லை. செலவைக் குறைப்பதென்றால் கம்பியையும் சிமென்டையும் குறைப்பது என்று யார் சொல்லிக்கொடுத்தது? அவற்றில் தயவுசெய்து கை வைக்காதீர்கள். வரைபடத்தைப் பாருங்கள். 360 சதுர அடியை 36க்கு 10 என்று போட்டால் வெளிச்சுவர் 92 அடி ஓடும். 20க்கு 18 என்றால் 76 அடி. 16 அடிக்கு அஸ்திவாரம், செங்கல், பூச்சு, பெயின்ட் எல்லாமே மிச்சம். மனை இடம் கொடுத்தால் சதுரத்தை ஒட்டியே போடுங்கள்.

திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் 1970களில் எழுப்பிய வளர்ச்சி ஆய்வு மையத்தைப் போய்ப் பாருங்கள். பூசாத செங்கல் சுவர், இன்றும் கம்பீரமாக நிற்கிறது. அவர் பரப்பிய ராட் டிராப் முறையில் செங்கலைப் படுக்க வைக்காமல் குத்தி வைத்துக் கட்டுவார்கள். நடுவில் காற்று நிற்கும், வெயில் உள்ளே இறங்காது, செங்கல் ஏறக்குறைய கால்பங்கு குறையும். சூளைக் கல் கோணலாக வந்தால் பொறுக்கி எடுத்துக் கட்ட வேண்டும். அந்த மெனக்கெடலுக்குச் சோம்பல்படும் கொத்தனார்தான் "தாங்காது" என்பார். கான்கிரீட் கூரைத் தளத்துக்குள் பழைய ஓடுகளைப் பதிக்கும் ஃபில்லர் ஸ்லாப் மட்டும் பொறியாளர் கணக்குப் போடாமல் வேண்டவே வேண்டாம்.

தண்ணீர் எந்த வருஷம் எதுவரை ஏறியது என்று தெருப் பெரியவர்களைக் கேளுங்கள். அதற்கு மேல் ஒரு அடி போதும். சமையலறையும் குளியலறையும் ஒரே சுவரின் இருபுறமும் இருக்கட்டும். எலிவேஷன் காசில் ஒரு திண்ணை கட்டுங்கள். பாட்டிக்கு உட்கார இடமாகும்.

வானம் தோண்டும் முன் மனை அளவோடு ஒருமுறை வாருங்கள். மேஸ்திரியையும் கூட்டி வாருங்கள், கட்டப்போவது அவர்தான்.