ஜெர்ரிமாண்டரிங்: தமிழில் தொகுதித் திரிப்பு

அமெரிக்க அரசியல் செய்திகளில் அடிக்கடி தென்படும் சொல் 'ஜெர்ரிமாண்டரிங்'. தமிழ் நாளிதழ்கள் பெரும்பாலும் இதை 'தொகுதி மறுவரையறை' என்று எழுதிக் கடந்துவிடுகின்றன. அது பிழை. மக்கள்தொகை மாறும்போது தொகுதி எல்லைகளை மாற்றி வரைவது மறுவரையறை. எந்தக் குடியாட்சியும் செய்தாக வேண்டிய வேலை. அந்த வேலையைச் சாக்காக வைத்துக்கொண்டு, ஒரு கட்சி தன் வெற்றி உறுதியாகும்படி கோடுகளை வளைப்பதே ஜெர்ரிமாண்டரிங்.

சொல்லின் முன்பாதி ஒரு மனிதரின் பெயர், பின்பாதி ஓர் உயிரினத்தின் பெயர். எல்பிரிட்ஜ் கெர்ரி, அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். 1812இல் மாசசூசெட்ஸ் மாநில ஆளுநராக இருந்தபோது, தம் கட்சி இயற்றிய தொகுதிச் சட்டத்துக்கு ஒப்புதல் அளித்தார். அவருக்கே அந்தச் சட்டம் பிடிக்கவில்லை என்று அவருடைய மருமகன் எழுதிய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. ஆனாலும் கையெழுத்திட்டார். அந்தச் சட்டம் எசெக்ஸ் மாவட்டத்தில் உருவாக்கிய மாநில மேலவைத் தொகுதி ஒன்று, ஊர் ஊராக வளைந்து நெளிந்து நீண்டது. 1812 மார்ச் 26 அன்று எதிர்க்கட்சி சார்பு இதழான 'பாஸ்டன் கெசட்' அந்த வரைபடத்துக்குச் சிறகும் நகமும் கோரைப்பல்லும் வரைந்து, புதிய வகைக் கொடுவிலங்கு என்று வெளியிட்டது. பல்லியைப் போன்ற உடலும் ஈரத்தோலும் உடைய சாலமாண்டரின் பெயரோடு ஆளுநரின் பெயரை ஒட்டியதில் 'கெர்ரிமாண்டர்' பிறந்தது. அவர் பெயரின் முதலெழுத்து 'கெ' என்றே ஒலிக்கும். பேச்சில் அது 'ஜெ' ஆகிவிட்டது.

அந்த ஆண்டுத் தேர்தலில் கெர்ரி ஆளுநர் பதவியை இழந்தார். மேலவையிலோ, அவருடைய கட்சி மொத்த வாக்குகளில் பின்தங்கியிருந்தும் 40 இடங்களில் 29ஐப் பிடித்தது. வளைத்த கோடு வேலை செய்தது.

எப்படி? இரண்டே உத்திகள்: அடைத்தல், உடைத்தல். ஐந்து தொகுதிகள், தொகுதிக்கு 100 வாக்காளர்கள் என்று வைத்துக்கொள்வோம். எதிர்க்கட்சிக்கு 270 ஆதரவாளர்கள். வரைகோல் ஏந்திய கட்சிக்கு 230 பேர்தான். எதிர்க்கட்சிக்காரர்களில் 180 பேரை இரண்டு தொகுதிகளில் 90, 90 ஆக அடைத்துவிட வேண்டும். எஞ்சிய 90 பேரை மற்ற மூன்று தொகுதிகளில் 30, 30, 30 ஆக உடைத்துப் பரப்ப வேண்டும். பெரும்பான்மை ஆதரவு பெற்ற கட்சி இரண்டு இடங்களில் பிரமாதமாக வெல்லும். மூன்று இடங்களில் தோற்று ஆட்சியை இழக்கும். ஒரு வாக்குச்சாவடியைக்கூடக் கைப்பற்ற வேண்டியதில்லை. ஒரு கள்ள ஓட்டும் விழ வேண்டியதில்லை.

இது வெறும் கணக்குப் புதிர் அன்று. 2018இல் விஸ்கான்சின் மாநிலத்தில் ஜனநாயகக் கட்சி ஆளுநர் பதவியை வென்றது. மாநிலக் கீழவைக்கான வாக்குகளில் ஏறத்தாழ 53 விழுக்காடும் பெற்றது. கிடைத்தவை 99இல் 36 இடங்கள். வரிசையில் நின்று வாக்களித்த ஒருவர், தம் பக்கம் அதிக வாக்கு வாங்கியும் அவையில் மூன்றில் ஒரு பங்குதான் பெற்றதைப் பார்க்கிறார். அடுத்த தேர்தலில் அவர் ஏன் வரிசைக்கு வர வேண்டும்? குடியாட்சியின் மீது மக்கள் நம்பிக்கை இழக்கிறார்கள் என்று கவலைப்படுவோர், குறையை மக்களின் மனநிலையில் தேடுவதற்கு முன் இத்தகைய வரைபடங்களைப் பார்க்க வேண்டும்.

தமிழாக்கத்துக்கு வருவோம். 'தொகுதிச் சீரமைப்பு' என்று சிலர் எழுதுவதுண்டு. சீரைக் குலைக்கும் செயலுக்குச் சீர் என்று பெயர் சூட்டுவதை ஏற்க இயலாது. 'தொகுதி மோசடி' என்பது கோபத்துக்குப் பொருந்துகிறது, பொருளுக்குப் பொருந்தவில்லை. மோசடி மறைவில் நடப்பது, பிடிபட்டால் தண்டனைக்குரியது. இதுவோ பகலில் நடக்கிறது. 2016இல் வட கரோலினா மாநிலத்தில் வரைபடத்துக்குப் பொறுப்பேற்ற சட்டமன்ற உறுப்பினர் டேவிட் லூயிஸ், தம் குடியரசுக் கட்சிக்கு 10 இடங்கள், எதிர்க்கட்சிக்கு 3 என்று வரையச் சொல்வதன் காரணத்தைக் குழுக் கூட்டத்திலேயே கூறினார்: 11க்கு 2 என்று வரைய இயலும் எனத் தாம் கருதவில்லை என்றார். அந்த வரைபடத்தின் மீதான வழக்கும், ஜனநாயகக் கட்சியினர் மேரிலாந்தில் வரைந்த வரைபடத்தின் மீதான வழக்கும் சேர்ந்து உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றன. 2019 ஜூனில் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில், கட்சி நோக்கில் எல்லை வளைப்பது கூட்டாட்சி நீதிமன்றங்கள் தீர்க்கக்கூடிய வழக்கு அன்று எனத் தீர்ப்பாயிற்று. குற்றம் என்று சொல்ல வழியில்லாததே இதன் கொடுமை.

என் பரிந்துரை 'தொகுதித் திரிப்பு'. தோன்றல், திரிதல், கெடுதல் என்று புணர்ச்சி விகாரங்களைப் பள்ளியில் படித்திருக்கிறோம். அவற்றுள் திரிதல் என்பது ஓர் எழுத்து வேறோர் எழுத்தாக மாறுவது. கெடுவதில்லை, புதிதாகத் தோன்றுவதுமில்லை. வாக்காளரும் அப்படியே இருக்கிறார், வாக்கும் இருக்கிறது. பயன் மட்டும் வேறாகிறது. 'திரிபு' என்று எழுதக் கூடாதா எனக் கேட்கலாம். திரிபு தானாக நேர்வது. திரிப்பு ஒருவர் செய்வது. தன்வினைக்கும் பிறவினைக்கும் உள்ள அந்த வேறுபாடு இங்கே மிகவும் தேவை. ஆறும் மலையும் அந்தக் கோடுகளை வளைக்கவில்லை. பதவியில் இருப்பவர்கள் வளைத்தார்கள். வினையாக ஆளவும் எளிது: 'தொகுதிகளைத் திரித்தார்கள்', 'திரித்த வரைபடம்'.

இந்தியாவில் மக்களவைத் தொகுதிகளைப் பற்றிய வாதத்தில் இந்தச் சொல்லைக் கவனமாகவே பயன்படுத்த வேண்டும். 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு நிறுத்தப்பட்ட இடப் பங்கீட்டைப் புதிய கணக்கெடுப்பின்படி செய்தால், குடும்பக் கட்டுப்பாட்டில் முன்னேறிய தமிழ்நாட்டின் பங்கு குறையும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் அது எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்ற கேள்வி. அதற்கு 'இடப் பங்கீடு' என்ற பெயரே போதும். மாநிலத்துக்குள் எந்த ஊர் எந்தத் தொகுதியில் சேர்கிறது, கோடு யாரை யாரிடமிருந்து பிரிக்கிறது என்ற கேள்வி எழும் இடத்தில்தான் திரிப்பு என்ற சொல்லுக்கு வேலை. இங்கே கோடு வரைவது சட்டமன்றம் அன்று, தனி ஆணையம். ஆணையம் வரைந்தாலும் வரைவு வெளியாகும் நாளில் வரைபடத்தை எடுத்துவைத்து, அடைத்தல் எங்கே, உடைத்தல் எங்கே என்று தேடிப் பார்ப்பது வாக்காளரின் உரிமை.