ஆலோசனை அறைக்கு வந்தால் டி.சி.யில் எழுத மாட்டார்கள்

சென்ற வாரம் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா என் ஆலோசனை அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. என் பதிவேட்டிலிருந்து மகளின் பெயரை அடித்துவிட வேண்டும் என்றார். ஆலோசனைக்கு வந்ததை டி.சி.யில் எழுதிவிடுவார்களாம், பிளஸ் ஒன்னில் குரூப் கேட்கும்போது இது குறுக்கே வருமாம். நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் பள்ளியில் விசாரித்தால் வெளியே தெரிந்துவிடுமாம். "என் பெண்ணுக்கு ஒன்றும் இல்லை மிஸ், நன்றாகத்தான் இருக்கிறாள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவள் நன்றாக இல்லை. அம்மா காலையில் கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதத்தை நாள்தோறும் குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டு, டப்பாவைக் குழாயடியில் கழுவி, காயவைத்து, பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கண்டுபிடித்தவர் வகுப்பாசிரியை. அவர் திட்டாமல், சக மாணவிகள் எதிரே கேட்காமல், இடைவேளையில் என்னிடம் அழைத்துவந்தார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

சென்னையில் சிஸ்டர்கள் நடத்தும் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆலோசகராக இருக்கிறேன். பெயரை அடிக்கச் சொல்லி வரும் பெற்றோரை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறேன். இனியும் ஒவ்வொருவருக்காகத் தனித்தனியே சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்பதால் இங்கே எழுதிவிடுகிறேன்.

டி.சி.யில் என்ன இருக்கும்? மாணவியின் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளம், சேர்ந்த நாள், விலகிய நாள், மேல்வகுப்புக்குத் தகுதி பெற்றாரா, கட்டண பாக்கி உண்டா, ஒழுக்கமும் பண்பும். இந்த மாதிரி விவரங்கள்தான். ஆலோசகரைச் சந்தித்தாரா என்று கேட்கும் வரியே அந்தப் படிவத்தில் கிடையாது. மருத்துவ ஆய்வுக்கு உட்பட்டாரா என்று ஒரு வரி வரும். பல பெற்றோர் அதைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். அது டாக்டர் வந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் உயரம், எடை, கண், பல் பார்க்கும் வழக்கமான பரிசோதனை. மனநலத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. பிளஸ் ஒன்னில் குரூப் தருவது பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்த்து. என் குறிப்பேடு என் அலமாரியில் பூட்டியிருக்கிறது. அதை சேர்க்கைக் குழு கேட்டதும் இல்லை, கேட்டாலும் நான் கொடுக்கப்போவது இல்லை. தயவுசெய்து இதை உங்கள் வாட்ஸ்அப் குழுக்களிலும் சொல்லுங்கள். ஏனென்றால் இந்த வதந்தி அங்கிருந்துதான் வருகிறது.

இன்னொரு குழப்பம் எங்களைப் போன்ற கத்தோலிக்கப் பள்ளிகளுக்கே உரியது. ஆலோசனை அறையைப் பாவசங்கீர்த்தனத்தோடு, அதாவது குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதோடு, சேர்த்துப் பார்க்கிறார்கள். முதல் வெள்ளித் திருப்பலிக்கு முன் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும் பிள்ளைகள், நானும் அதே மாதிரி எதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று நம்பி வருகிறார்கள். அங்கே ஃபாதர் காதில் விழுந்ததை எந்தக் காரணத்துக்காகவும் வெளியிடக்கூடாது என்பது திருச்சபைச் சட்டம். மீறினால் அவர் திருச்சபையிலிருந்தே விலக்கப்படுவார். என் நிலை வேறு. நானும் ரகசியம் காப்பேன். மதிப்பெண், நட்பு, வீட்டுச் சண்டை, காதல் எதுவானாலும் பிள்ளையின் சம்மதம் இல்லாமல் தலைமையாசிரியை சிஸ்டருக்குக்கூட விவரம் போகாது. ஆனால் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் பெற்றோரிடம் சொல்லியே தீருவேன். பாலியல் துன்புறுத்தல் என்றால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். மறைப்பது தண்டனைக்குரிய குற்றம். இதை முதல் சந்திப்பிலேயே, பிள்ளை வாய் திறக்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்துவிட்டுப் பிறகு சொல்ல நேர்ந்தால், அந்தப் பிள்ளை அதன்பின் எந்தப் பெரியவரையும் நம்பாது. ஆசிரியைகளும் பெற்றோரும் இதை மனதில் வையுங்கள்.

ஜெபம் செய்யச் சொல்வார்களா, மதம் பேசுவார்களா என்று சில வீடுகளில் தயங்குகிறார்கள். இல்லை. எங்கள் பள்ளியில் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்வி என்ற சமய வகுப்புக்குப் போகும் நேரத்தில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. அரசு உதவி பெறும் எந்தக் கல்வி நிலையத்திலும் பெற்றோர் சம்மதமின்றிப் பிள்ளையை மதபோதனையில் உட்கார வைக்கக்கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவே சொல்கிறது. என் அறையில் பாடமும் இல்லை, போதனையும் இல்லை.

இனி ஆசிரியைகளுக்கு. "இன்னொரு தரம் பேசினால் கவுன்சிலரிடம் அனுப்பிவிடுவேன்" என்று வகுப்பில் மிரட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். நீங்கள் அப்படிச் சொன்ன மறுநாள், உண்மையிலேயே உதவி தேவைப்படுகிற பிள்ளை என் அறை வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகிறது. டைரியில் சிவப்பு மையில் "கவுன்சிலரைப் பார்க்கவும்" என்று எழுதுவதும் வேண்டாம். பக்கத்தில் உட்காரும் பிள்ளை அதைப் படிக்கும். என் காதில் ஒரு வார்த்தை போடுங்கள், நானே கூப்பிட்டுக்கொள்கிறேன். ஒழுங்கு நடவடிக்கை என்பது தலைமையாசிரியையின் வேலை. எனக்கு அந்த அதிகாரம் இல்லை, வேண்டவும் வேண்டாம்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது மதிப்பெண்ணை மட்டும் அல்ல. சாப்பாடு குறைகிறதா, தூக்கம் கெடுகிறதா, எப்போதும் உடன் வரும் தோழியைப் பற்றிப் பேச்சே காணோமா, திங்கட்கிழமை காலையில் மட்டும் வயிற்றுவலி வருகிறதா என்று பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் வாருங்கள். "செத்துப்போகலாம் போல இருக்கிறது" என்று பிள்ளை சொன்னால், அதை நடிப்பு என்று ஒருபோதும் தள்ளாதீர்கள். அன்றைக்கே வாருங்கள். பள்ளி மூடியிருந்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். நாள் முழுதும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். அடி, துன்புறுத்தல் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

மே மாதத் தேர்வு முடிவு நேரத்தில் பெற்றோரிடம் தனியாக ஒரு வேண்டுகோள். பத்தாம் வகுப்பில் ஒரு பாடம் போய்விட்டால் துணைத்தேர்வு எழுதி, தேர்ச்சி பெற்று, அதே ஆண்டில் பிளஸ் ஒன் சேர்ந்துவிடலாம். முடிவைப் பார்க்கும் முன்னரே இதைப் பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லிவையுங்கள். அன்று அவளைத் தனியாக விடாதீர்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் மதிப்பெண்ணை அன்று ஒருநாளாவது கேட்காமல் இருங்கள்.

கட்டணம் கட்ட முடியாத நிலை, உதவித்தொகை விண்ணப்பம், எந்த குரூப் எடுப்பது என்ற கேள்வி, இவற்றுக்கும் என்னிடம் வரலாம். வருகிறவர்களில் பலர் இதற்குத்தான் வருகிறார்கள். காலை வழிபாடு முடிந்ததிலிருந்து கடைசி மணி அடிக்கும்வரை இருப்பேன். வேலைக்குப் போகும் பெற்றோர் டைரியில் "சந்திக்க வேண்டும்" என்று மட்டும் எழுதி அனுப்புங்கள். உங்களுக்குத் தோதான நேரம் சொல்கிறேன். காரணம் எழுத வேண்டாம்.