பாராசூட் என்னும் வான்குடை

பாராசூட் பிரெஞ்சுச் சொல். 1783-இல் பிரான்சின் மோன்பெலியே நகர வானாய்வுக் கோபுரத்திலிருந்து குதித்துக் காட்டிய லூயி செபஸ்தியன் லெனோர்மான் உருவாக்கிய பெயர். 'பாரா' என்றால் தடுப்பது, காப்பது. 'ஷூட்' என்றால் வீழ்ச்சி. அதே மொழியில் வெயிலுக்குப் பிடிப்பது 'பாராசோல்', மழைக்குப் பிடிப்பது 'பாராப்ளுயி'. போதாததற்கு, லெனோர்மான் முதலில் மரத்திலிருந்து குதித்துப் பார்த்ததே இரண்டு குடைகளைப் பிடித்துக்கொண்டுதான். பிறக்கும்போதே அது குடை இனத்துச் சொல். தமிழில் 'வான்குடை' என்று வழங்குவது அதனால் முழுக்கப் பொருந்துகிறது. வேறு சொல் தேட வேண்டியதில்லை.

இந்தக் குடை கையில் இல்லாமல் செத்தவர்கள் ஏராளம். முதல் உலகப் போரில் பலூனில் ஏறி வேவு பார்த்த பிரிட்டிஷ் வீரர்களுக்கு வான்குடை கொடுத்தார்கள். போர் விமானிகளுக்குக் கொடுக்கவில்லை. எடை கூடும், உட்காரும் இடம் போதாது என்றார்கள். தப்ப வழி இருந்தால் விமானத்தைச் சீக்கிரமே கைவிட்டுவிடுவார்கள் என்ற எண்ணமும் மேலிடத்தில் இருந்தது. அக்கால விமானமோ மரச்சட்டமும் எளிதில் தீப்பற்றும் பூச்சு பூசிய துணியும். எரிந்து சாவதைவிடச் சுட்டுக்கொள்வதே மேல் என்று பிரிட்டிஷ் போர் விமானி எட்வர்ட் மானக் கைத்துப்பாக்கியோடு பறந்தார். 1918 ஜூலை 26-இல் அவருடைய விமானம் எரிந்தபடியேதான் விழுந்தது. எந்தக் காரணம் சொன்னாலும் மன்னிக்க முடியாத கொடுமை இது.

அதற்கு ஒரு மாதம் முன்பு, ஜூன் 29-இல், ஜெர்மன் விமானி எர்ன்ஸ்ட் ஊடெட்டின் விமானமும் அடிபட்டது. ஆனால் அவரிடம் வான்குடை இருந்தது. குதித்தபோது அதன் வார் வால்பகுதிச் சுக்கானில் மாட்டிக்கொண்டது. சுக்கானின் நுனியை உடைத்துத்தான் விடுபட்டார். தரைக்குச் சுமார் 75 மீட்டர் இருக்கும்போது குடை விரிந்தது. கணுக்கால் சுளுக்கோடு பிழைத்தார்.

இரண்டாம் உலகப் போரில் வான்குடை பெரும்பாலான விமானிகளுக்கும் வந்துவிட்டது. இறங்கும்போது சுடப்படும் ஆபத்து மட்டும் போகவில்லை. 1940 ஆகஸ்ட் 16-இல், தீப்பற்றிய ஹரிக்கேன் விமானத்திலிருந்து கை வெந்த நிலையில் குதித்த பிரிட்டிஷ் விமானி ஜேம்ஸ் நிக்கல்சனைச் சொந்த நாட்டு ஊர்க்காவலர்களே சுட்டுக் காயப்படுத்தினார்கள். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை பெற்ற விமானி அவர். போர்க்கால நெறிகளை வகுக்கும் ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977-ஆம் ஆண்டுக் கூடுதல் நெறிமுறை, 42-ஆம் பிரிவில் இதற்குத் தடை எழுதியது: அடிபட்ட விமானத்திலிருந்து வான்குடையில் இறங்குபவரைத் தாக்கக் கூடாது, எதிரி மண்ணில் இறங்கினால் சரணடைய வாய்ப்புத் தர வேண்டும். தாக்குதலுக்காகக் குதிக்கும் வான்குடைப் படையினருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. செய்தி எழுதுகிறவர்கள் இருவரையும் 'வான்குடை வீரர்' என்று ஒன்றாக்கிவிடுவது தவறு.

இன்னொரு சொல்வழக்கையும் திருத்திக்கொள்ளலாம். 2019 பிப்ரவரி 27-இல் மிக்-21 விமானத்தை இழந்து பாகிஸ்தானிடம் பிடிபட்டு, மார்ச் 1-இல் திரும்பிய அபிநந்தன் வர்த்தமான் 'பாராசூட்டில் குதித்தார்' என்றே நம் ஊடகங்கள் எழுதின. ஜெட் போர் விமானத்திலிருந்து யாரும் எழுந்து குதிப்பதில்லை. விசையை இழுத்ததும் இருக்கையே விமானியைத் தூக்கி வெளியே எறிகிறது. குடை விரிவது அதற்குப் பிறகு. 'இருக்கையோடு வெளியேறி வான்குடையில் இறங்கினார்' என்று எழுதினால் நடந்தது நடந்தபடி வரும்.