சொல் விளக்கம்: அமலை

தாமிரபரணிப் பாசனத்தில் வயல் வைத்திருப்பவரிடம் ஆகாயத்தாமரை என்றால் புரியும். ஆனால் அவர் வாயில் இயல்பாக வருவது 'அமலைச்செடி'. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலும் அதன் கால்வாய்களிலும் நீரை மூடிக் கிடக்கும் மிதக்கும் களைக்கு நெல்லை, தூத்துக்குடி வட்டாரத்தில் அதுதான் பெயர். மற்ற பல மாவட்டங்களில் அது வெங்காயத்தாமரை. மட்டக்களப்பு வாவிக்கரையில் ஆற்றுவாழை.

ஆகாயத்தாமரை என்ற பெயரில்தான் எனக்கு வருத்தம். தருக்கம் பேசுவோருக்கு அது முயற்கொம்பைப் போல உலகில் இல்லாத பொருள். சித்த மருத்துவத்திலோ, முட்டைக்கோசு போல இலை விரித்து மிதக்கும் வேறொரு சிறு செடி. அமேசான் படுகையிலிருந்து பூவின் அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட செடி, வந்த இடத்தில் அந்தப் பழைய பெயரையும் பறித்துக்கொண்டது. மருந்துக்குத் தேடுகிறவர் தவறான செடியைப் பறித்துவர இதுவே போதும்.

வெங்காயத்தாமரை இன்னும் நேர்மையான பெயர். ஒரு செடியைத் தூக்கிப் பார்த்தால் இலைக்காம்பு நடுவில் வெங்காயம் போல உப்பியிருக்கும். குறுக்கே வெட்டினால் உள்ளே பஞ்சுபோலக் காற்றறைகள், அதனால்தான் மிதக்கிறது. அறிவியல் பெயரில் வரும் 'கிராசிப்பெஸ்' என்ற இலத்தீன் சொல்லுக்கும் 'தடித்த காலுடையது' என்றே பொருள். எங்கோ இருந்த தாவரவியலாளரும் நம் ஊர்க்காரரும் ஒரே காம்பைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். தாமரையோடு மட்டும் இதற்கு எந்த உறவும் இல்லை.

இனி அமலை. 'அமல்தல்' என்றால் நெருங்குதல், செறிதல், நிறைதல். சங்கப் பாடல்களில் மூங்கில் செறிந்த மலைச்சாரலைச் சொல்லும்போது வரும் வினை. அதிலிருந்து பிறந்த 'அமலை' திரளைக் குறிக்கும், சோற்றுத் திரளையும் குறிக்கும். செடியின் பெயரும் இந்த வேரிலிருந்தே கிளைத்தது என்பது என் துணிபு. ஏனென்றால் அந்தச் செடி செய்வது அதைத்தான். தாய்ச்செடி பக்கவாட்டில் ஓடுதண்டு விடுகிறது, அதன் நுனியில் குட்டிச்செடி, அதற்கும் ஓர் ஓடுதண்டு. வெயிலும் சாக்கடைச் சத்தும் வாய்த்தால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். நெருங்கி நெருங்கி நீரின் முகத்தை மூட, கீழே முதலில் ஒளி அற்றுப்போகிறது, பிறகு உயிர்வளி, பிறகு மீன்.

இத்தகையவற்றை 'அயல் ஊடுருவல் இனங்கள்' என்று எழுதுகிறோம். அயல் என்பது மட்டும் குற்றமல்ல. மிளகாயும் தக்காளியும் அயலே. ஊடுருவல் என்பதும் உள்ளே நுழைவதைத்தான் சொல்கிறது. ஆனால் இவை கேடு செய்வது நுழைவதால் அல்ல, இருந்தவற்றுக்கு இடமில்லாமல் செறிவதால். அந்தப் பொருளை அமலை ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறது. பொதுவழக்குக்கு 'அமலும் அயலினம்' என்று எழுதலாம் என்பேன்.

பெயரின் பொருள் தெரிந்தால் வேலையின் முறையும் தெரியும். செறியும் முன்பே, ஒன்றிரண்டு மிதக்கும்போதே எடுக்க வேண்டும். இலங்கையில் இது வந்த சில ஆண்டுகளிலேயே, 1909இல், இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றினார்கள். நாமோ அணைக்கட்டில் பொக்லைன் இறக்கி அள்ளுகிறோம். மேலே தேங்கிய மடுவில் மிச்சம் அப்படியே இருக்கிறது, அடுத்த வெள்ளம் அதைக் கொண்டுவந்து சேர்க்கிறது. மேல்மடையிலிருந்து கீழ்நோக்கி அள்ள வேண்டும், அறுந்த ஓடுதண்டுகளையும் விடாமல். அள்ளியதைக் கரையோரத்தில் குவிக்காமல் தள்ளிக் காயப்போட வேண்டும். பூக்கும் முன் அள்ளுவது இன்னும் முக்கியம். உதிர்ந்த விதை சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். இதை மட்டுமே தின்னும் தென் அமெரிக்கக் கூன்வண்டுகளை 1980களில் பெங்களூரு ஏரிகளில் விட்டு நல்ல பலன் கண்டார்கள். அதற்குப் பொறுமை வேண்டும், சாக்கடை ஆற்றில் கலப்பதும் நிற்க வேண்டும்.

வீட்டுத் தொட்டிக்கு வாங்கும்போதும் பெயரைக் கேளுங்கள். இளம் ஊதாப் பூ, மேலிதழில் மயிற்கண் போல நீலத்துக்குள் ஒரு மஞ்சள் பொட்டு. தாமரை என்று சொல்லித்தான் விற்பார்கள்.