நாலு மிதவையை வச்சு முழுக் கொட்டியாரக்குடாவையும் அளக்கேலுமா?

திருகோணமலைப் பக்கம், கிண்ணியாவில இருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "குடாவுக்குள்ள நாலு சென்சர் மிதவையப் போட்டு முழுத் தண்ணியின்ர உப்பையும் மேப்பா கீறலாம் எண்டுறாங்களே, ஒருத்தரும் அளக்காத இடத்துக்கு எப்பிடி நம்பர் வருது, ஊகம்தானே?"

ஊகம்தான். ஆனா எவ்வளவு பிழைக்கலாம் எண்டதையும் கையோட சொல்லுற ஊகம்.

மிதவை செய்யிற வேலை லேசு. தண்ணியில கரண்ட் எவ்வளவு பாயுது எண்டு பார்த்து, வெப்பநிலையையும் சேர்த்து உப்பைக் கணக்குப் போட்டு ரேடியோவில அனுப்பும். இப்பிடி மிதவை அனுப்புற ரேடியோ அலை உப்புத்தண்ணிக்குள்ள ஒரு சாண் கூடப் போகாது, அதால அன்டெனா மேல நிக்கோணும்.

எனக்கு ஆசையான இடம் இதுக்குப் பிறகுதான். கிட்டக் கிட்ட இருக்கிற ரெண்டு இடத்தில உப்பு கிட்டத்தட்ட ஒண்டாத்தான் இருக்கும், தூரம் கூடக் கூட வித்தியாசமும் கூடும், எவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு வித்தியாசம் எண்டதை அளந்த தரவிலயிருந்தே ஒரு வளைகோடா எடுக்கலாம். இப்ப அளக்காத ஒரு புள்ளிக்கு மேற்கால ஒரு மிதவை, கிழக்கால அதே தூரத்தில பக்கத்துப் பக்கத்தில ரெண்டு மிதவை எண்டு வைப்பம். சும்மா சராசரி எடுத்தா கிழக்குக்கு ரெண்டு வோட்டு. ஆனா ஒரே வீட்டு அண்ணன் தம்பியைக் கேட்டா ரெண்டு செய்தியா வரும்? அந்த வளைகோடு இதைக் கண்டுபிடிச்சு, அவை ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரு வோட்டைப் பிரிச்சுக் குடுத்திடும். இதுக்குப் பேர் கிரிகிங். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில, துளைச்ச கொஞ்ச இடத்தை வச்சு மிச்ச இடத்துத் தங்கத்தை மதிப்பிடப் பாடுபட்ட எஞ்சினியர் டேனி கிரிக், 1951இல செய்த ஆய்வில இருந்து வளர்ந்தது, பிறகு பிரான்ஸ்காரர் ஜோர்ஜ் மத்தரோன் அதைக் கணிதமாக்கி கிரிக்கின்ர பேரையே வச்சார்.

இன்னும் வடிவான விசயம் ஒண்டு இருக்கு. வளைகோடு கையில இருந்தா, பிழை எங்க எவ்வளவு வரும் எண்டது மிதவைகள் நிக்கிற இடத்தை மட்டும்தான் பொறுத்தது, அதுகள் காட்டுற நம்பரைப் பொறுத்ததே இல்ல! அப்ப அஞ்சாவது மிதவையைத் தண்ணியில இறக்க முதலே, எங்க இறக்கினா பிழை கூடக் குறையும் எண்டு வீட்டில இருந்தே பார்க்கலாம்.

மாரியில மட்டும் கவனம். மகாவலி வெள்ளம் குடாவுக்குள்ள வரேக்க நன்னீருக்கும் உப்புத்தண்ணிக்கும் நடுவில சடாரெண்டு ஒரு எல்லை விழும், கோடையில எடுத்த வளைகோடு அங்க சரிவராது, மாரிக்கு வேறயா எடுக்கோணும், ஆத்துத்தண்ணி ஓடுற திசைக்கு ஒண்டு, குறுக்கால ஒண்டு எண்டு.

மிதவை வாங்கக் காசு குடுக்கிறவை அதைக் கழுவவும் குடுக்கோணும் எண்டது என்ர உறுதியான கருத்து. சென்சரில பாசியும் சிப்பியும் பிடிச்சா நம்பர் மெல்ல மெல்லப் பிசகும். அதையும் கிரிகிங்காலயே பிடிக்கலாம்: ஒரு மிதவையை மறைச்சுட்டு மற்றதுகளை வச்சு அதின்ர நம்பரை மதிப்பிட்டுப் பாருங்கோ, வித்தியாசம் கிழமைக்குக் கிழமை ஒரே பக்கமாக் கூடிக்கொண்டே போனா முதல்ல அந்த மிதவைக்குத்தான் போட்டை விடோணும்.