பிளேட்லெட் குறைந்தால் டெங்கு மட்டும்தானா?

இலங்கையில் உள்ளூரிலேயே தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு என்று சான்றிதழ் கொடுத்தது. இனி இந்த நோயைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை என்ற நினைப்பும் கூடவே வந்துவிட்டது. இன்றைய ஆபத்தே அதுதான். இந்தியாவுக்கும் ஆபிரிக்க நாடுகளுக்கும் போய் வருகிறவர்களோடு கிருமி வந்துகொண்டுதான் இருக்கிறது. பரப்பும் நுளம்பும் இங்கேயே இருக்கிறது. 1963இல் 17 பேராகக் குறைந்த மலேரியா, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இலட்சக்கணக்கானோரைப் பிடித்ததை மறக்கக் கூடாது.

வழக்கமாக நடக்கும் பிழை இது. காய்ச்சல், தலையிடி, உடம்பு உளைவு, பிளேட்லெட் 90,000. உடனே டெங்கு என்று எழுதி, தினமும் பிளேட்லெட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மலேரியாவிலும் பிளேட்லெட் இறங்கும். "கடந்த ஒரு வருடத்தில் வெளிநாடு போனீர்களா, எங்கே?" என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மலேரியாக் கிருமியின் பல்சிபாரம் வகை பெரும்பாலும் திரும்பி வந்த மூன்று மாதத்துக்குள் காய்ச்சலாக வெளிப்படும். வைவாக்ஸ் வகை ஈரலில் ஒளிந்திருந்து, ஒரு வருடம் கழித்தும் வரலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்காய்ச்சல் என்பது பாடப்புத்தகக் கணக்கு. முதல் நாட்களில் அந்த ஒழுங்கைக் காண்பது அரிது.

சந்தேகம் வந்தால் பட்டியில் இரத்தம் விட்டுப் பார்க்கும் துரிதப் பரிசோதனை, நுணுக்குக்காட்டியில் பார்க்கக் கண்ணாடித் தகட்டில் இரத்தம் தடவிய தடித்த பூச்சு, மெல்லிய பூச்சு மூன்றும் வேண்டும். தடித்த பூச்சு ஏறத்தாழ 1 செ.மீ. வட்டம், ஈரமாக இருக்கும்போது அடியில் வைத்த பத்திரிகை எழுத்து மட்டுமட்டாகத் தெரிந்தால் தடிப்பு சரி. அவசரப்பட்டுச் சூடு காட்டி உலர்த்தக் கூடாது. சூட்டில் சிவப்பணு பதிந்துவிடும், உடையாது, கிருமி மறைந்துபோகும். மெல்லிய பூச்சில் சிவப்பணுவைப் பதிய வைக்க மெத்தனோல் போடும்போது அது பக்கத்துத் தடித்த பூச்சில் பட்டாலும் இதே கதிதான். ஈ.டி.டி.ஏ. (இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) குழாயில் எடுத்த இரத்தத்தில் ஒரு மணி நேரத்துக்குள் பூச்சு போட வேண்டும். தாமதித்தால் கிருமியின் உருவம் மாறி, வகை பிரிப்பது கஷ்டம். கிருமியை நிறமூட்டிக் காட்டும் ஜீம்சா சாயம் 10 சதவீதமென்றால் 10 நிமிடம், கரைசலின் பி.எச். (அமில-கார அளவு) 7.2. அமிலத்தன்மை கூடினால் வைவாக்ஸ் புகுந்த சிவப்பணுவில் காணும் அடையாளப் புள்ளிகள் தெரியாது.

முதல் பூச்சு நெகடிவ் என்பதால் மலேரியா இல்லை என்று எழுதிவிடக் கூடாது. 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மொத்தம் மூன்று தடவை பார்க்க வேண்டும். துரிதப் பரிசோதனையை மட்டும் நம்பவும் முடியாது. கிருமி குறைவென்றால் தவறவிடும். எரித்திரியா, எத்தியோப்பியா பக்கத்துப் பல்சிபாரத்தில் எச்.ஆர்.பி.2 என்ற கிருமிப் புரதமே இல்லாத வகைகள் உண்டு. அந்தப் புரதத்தைத் தேடும் பட்டியில் கோடு விழாது.

பொசிடிவ் என்றால் எண்ணிக்கையும் கேளுங்கள். 200 வெள்ளையணு எண்ணும்போது 150 கிருமி கண்டால், வெள்ளையணு 8,000 என்ற கணக்கில் மைக்ரோலீட்டருக்கு 6,000. "மலேரியா பொசிடிவ்" என்று மட்டும் வரும் அறிக்கையை வைத்துச் சிகிச்சையைக் கண்காணிக்க முடியாது.

சிக்கலில்லாத பல்சிபாரத்துக்கு ஆர்ட்டிமீதர்–லூமிபான்ட்ரின் கூட்டுக் குளிசை. 35 கிலோவுக்கு மேற்பட்டவருக்கு நான்கு குளிசை வீதம் ஆறு வேளை: 0, 8, 24, 36, 48, 60 மணி. பாலோ கொழுப்புள்ள சாப்பாடோ கூட வேண்டும். வெறும் வயிற்றில் லூமிபான்ட்ரின் சரியாக உறிஞ்சப்படாது. ஒரு மணி நேரத்துக்குள் சத்தி எடுத்தால் அந்த வேளையை முழுதாகத் திரும்பக் கொடுக்க வேண்டும்.

பிறகு தினமும் பூச்சு. முதல் 24 மணி நேரத்தில் எண்ணிக்கை கூடினால் பதறி மருந்தை மாற்ற வேண்டாம், அது நடப்பதுதான். மருந்து தொடங்கி மூன்று நாள் கழித்தும், தொடங்கிய நாள் எண்ணிக்கையின் கால்வாசிக்குக் குறையாமல் இருந்தால் அது சிகிச்சைத் தோல்வி. வாழைப்பழ வடிவக் கமிட்டோசைட்டுகள் (நுளம்புக்குத் தொற்றும் பருவத்துக் கிருமிகள்) மட்டும் மிஞ்சியிருந்தால் தோல்வி இல்லை. எச்.ஆர்.பி.2 பட்டியைத் திரும்பப் போட்டுப் பார்ப்பது வீண். கிருமி செத்தபின்னும் வாரக்கணக்கில் பொசிடிவ் காட்டும். கடுமையான நோய்க்கு ஆர்ட்டிசுனேட் ஊசி போட்டவருக்கு நான்கு வாரம் கிழமைக்கொரு தடவை ஹீமோகுளோபின் பாருங்கள். கிருமி போன பிறகும் சிவப்பணு உடைவது உண்டு.

ஈரலில் ஒளிந்திருக்கும் வைவாக்ஸுக்கு பிரிமாகுவின் 14 நாள். அதற்கு முன் ஜி6பி.டி. பரிசோதனை கட்டாயம் (இந்த நொதி குறைந்தவருக்கு மருந்தால் சிவப்பணு உடையும்), கர்ப்பிணிக்கு இந்த மருந்தே கூடாது. நான்காம் நாள் காய்ச்சல் விட்டதும் மிச்சக் குளிசையை அலுமாரியில் வைத்துவிடுவோர் நிறையப் பேர். சில மாதம் கழித்துக் காய்ச்சல் திரும்பும்போது, அவரே பழைய பயணத்தை மறந்திருப்பார்.