ரெட் ஆக்சைடு தரை ஜில்லென்று இருந்தது எதனால்?

எண்பதுகளின் வீடு மறுபடி ஃபேஷனாகிவிட்டது. வேலூர் சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ புதிதாக வீடு கட்டுகிறவர் இன்டீரியர் டிசைனரிடம் செல்போனில் ஒரு படத்தைக் காட்டி, "எங்க தாத்தா வீட்ல இருந்துச்சே, அந்த மாதிரி சிவப்புத் தரை வேணும்" என்கிறார். கூடவே ஒரு காரணமும் சொல்கிறார்: "கத்திரி வெயில்ல கூட ஜில்லுனு இருக்கும்." அந்தத் தரையைப் பழைய சிமெண்ட் தரை என்று ஒதுக்கிவிட்டு மொசைக் போட்டதும், 2000க்கு அப்புறம் அந்த மொசைக் மேலேயே டைல்ஸ் ஒட்டியதும் இதே குடும்பங்கள்தான். அது போகட்டும். ஜில்லென்று இருந்தது பொய்யில்லை. அந்தப் பெருமையைச் சிவப்புப் பூச்சுக்குக் கொடுப்பதுதான் தப்பு.

1989ல் பிரிக்கும்வரை அரக்கோணம், திருப்பத்தூர், திருவண்ணாமலை எல்லாமே வட ஆற்காடு மாவட்டம்தான். அந்த மாவட்டத்தில் ஓரளவு வசதியான குடும்பத்தின் ஹாலை நினைத்துப் பாருங்கள். சிவப்புத் தரை, சுற்றிலும் ஒரு சாண் அகலத்துக்குக் கருப்பு பார்டர். இளம்பச்சை டிஸ்டம்பர் அடித்த சுவர். சுவருக்குள்ளேயே கட்டிய சிமெண்ட் ஷோகேஸ், அதில் கொலு பொம்மைகளில் மிஞ்சியவை. வயர் பின்னிய நாற்காலிகள். ஜன்னலுக்கு மேலே வென்டிலேட்டர். தலைக்கு மேலே மின்விசிறி, ஸ்டார்ட்டரைத் திருகித் திருகி எரிய வைத்த ட்யூப்லைட்.

அந்தச் சிவப்பு, இரும்பு ஆக்சைடு. துருவில் இருக்கும் அதே குடும்பத்துப் பொருள். இரும்பு ஏற்கனவே ஆக்சிஜனோடு முழுக்கச் சேர்ந்துவிட்டதால் அதற்கு மேல் வெயிலாலோ காற்றாலோ மாற ஒன்றுமில்லை. சிமெண்டின் காரமும் அதை ஒன்றும் செய்யாது. நாற்பது வருஷமானாலும் நிறம் வெளுக்காததற்கு அதுதான் காரணம். கருப்பு பார்டரும் இரும்பு ஆக்சைடுதான், வேறு வகை.

தரை போடுகிற மேஸ்திரியிடம் இருந்தது பொறுமையும் அவசரமும் கலந்த ஒரு வேலை. ஒரு அறைக்கு வேண்டிய சிமெண்டையும் சிவப்புப் பொடியையும் தண்ணீர் ஊற்றும் முன்பே மொத்தமாகச் சலித்துக் கலந்துகொள்வார். நடுவில் குறைந்து மறுபடி கலந்தால் நிறம் திட்டுத் திட்டாகத் தெரியும். அடித்தளக் கலவை ஈரமாக இருக்கும்போதே இந்தப் பூச்சை மேலே இழுத்து, குந்தி உட்கார்ந்து பின்பக்கமாக நகர்ந்துகொண்டே எஃகுக் கரண்டியால் அழுத்தித் தேய்ப்பார். அழுத்தும்போது சிமெண்ட் பசை மேலே ஏறி நுண்துளைகள் அடைபடும். பரப்பு சமமாகச் சமமாக, ஒளி சிதறாமல் ஒரே பக்கமாகத் திரும்பும். அந்தப் பளபளப்பு பாலிஷால் வந்ததல்ல, அழுத்தத்தால் வந்தது. தேங்காய் எண்ணெய் தடவித் துடைப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். முடித்ததும் நாள் கணக்கில் தண்ணீர் கட்டி வைக்க வேண்டும். சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. வேலூர் வெயிலில் தண்ணீர் முந்திக்கொண்டு ஆவியானால் தரை சுருங்கி வெடிக்கும். பழைய வீடுகளின் தரையில் மூலைக்கு மூலை ஓடும் மெல்லிய விரிசல் பெரும்பாலும் இந்தச் சுருக்கத்தின் வேலை.

சரி, குளிர்ச்சிக்கு வருவோம். நம் காலுக்கு வெப்பநிலையை அளக்கத் தெரியாது. தோலிலிருந்து வெப்பம் எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்பதைத்தான் அது உணர்கிறது. உள்ளங்கால் 33 டிகிரி, தரை 29 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சிமெண்ட் தரையில் கால் வைத்ததும் தொடும் இடத்தின் வெப்பநிலை 31க்குச் சற்றுக் கீழே இறங்கும். அதே 29 டிகிரியில் இருக்கும் மரப்பலகையில் வைத்தால் 32தான். சிமெண்ட் தரை மரத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் காலிலிருந்து வெப்பத்தை உறிஞ்சுகிறது. வெப்பத்தைக் கடத்தும் திறனும், எடைக்கேற்ப அதைத் தேக்கிக்கொள்ளும் திறனும் சேர்ந்துதான் இதைத் தீர்மானிக்கின்றன. நிறத்துக்கு இதில் பங்கே இல்லை.

இந்தக் கணக்கில் மொசைக், இன்றைய விட்ரிஃபைட் டைல்ஸ், ரெட் ஆக்சைடு மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். கிரானைட் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே உறிஞ்சும். அப்படியென்றால் தாத்தா வீட்டுத் தரை மட்டும் ஏன் அப்படி இருந்தது? அது மண்மேல் இருந்தது. மண்ணில் அரை மீட்டர் ஆழத்துக்குக் கீழே பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசமே தெரியாது. சில மீட்டர் போனால் கோடையும் மார்கழியும்கூட மங்கிவிடும், அங்கே வருஷ சராசரி வெப்பநிலைதான். வேலூர்ப் பக்கம் அது சுமார் 28 டிகிரி. வெளியே 41, 42 என்று கொளுத்தும்போது, வீட்டுக்கு அடியில் இப்படியொரு கிடங்கு சும்மா கிடக்கிறது. தரை அதோடு ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அதே சிவப்புத் தரையை மூன்றாவது மாடி ஃபிளாட்டில் போட்டால் அடியில் இருப்பது மண்ணல்ல, கீழ்வீட்டுக்காரரின் மின்விசிறி. மே மாதத்தில் அந்தத் தரை அறையின் வெப்பநிலையிலேயே இருக்கும். அறை 35 டிகிரி என்றால், 33 டிகிரிக் காலுக்கு அது சூடாகத்தான் படும். நன்றாக உறிஞ்சும் பொருள், நன்றாகவே திருப்பியும் கொடுக்கும்.

கூரையின் கதை தரையின் கதைக்கு நேர் எதிர். எண்பதுகளில் இங்கே நடந்த உண்மையான மாற்றம் தலைக்கு மேலேதான் நடந்தது: மெட்ராஸ் டெரஸ் கூரை போய்க் கான்கிரீட் கூரை வந்தது. தரையைப் பற்றியே பேசி இதை மறந்துவிடுகிறோம். அதற்கு முந்தைய தலைமுறை வீடுகளில் மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரங்களின் மேல் சின்னச் செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்டுவது வழக்கம். சர்க்கரை இருந்தால் சுண்ணாம்பு தண்ணீரில் கூடுதலாகக் கரையும். கடுக்காய் ஜவ்வாது மலையில் கிடைத்தது. அதன் டானினை நம்பித் தோல் பதனிடும் தொழிலும் இருந்ததால் வட ஆற்காட்டுக்கு அது புதிய சரக்கல்ல. கடைசியில் மேலே தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட மண் ஓடு. மொத்தக் கனம் முக்கால் அடியிலிருந்து ஒரு அடி வரை.

இந்தக் கனத்துக்குள் வெப்பம் அலையாக இறங்குகிறது. மே மாத நண்பகலில் மொட்டை மாடியின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 1000 வாட் வெயில் விழுகிறது. மேல்பரப்பு 60 டிகிரியைத் தொடும். பத்து அங்குல மெட்ராஸ் டெரஸைத் தாண்டி உட்பக்கம் வர அந்த அலைக்கு எட்டு மணி நேரம் போல ஆகும். வரும்போது ஏற்ற இறக்கத்தில் பெரும்பகுதியைத் தொலைத்துவிட்டுத்தான் வரும். நான்கு அங்குல கான்கிரீட்டுக்கு மூன்று மணி நேரம்கூடத் தேவையில்லை. கான்கிரீட் வெப்பத்தை எளிதாகக் கடத்தும், கனமும் குறைவு. மேலே சுண்ணாம்பு ஜல்லியும் தட்டோடும் ஒழுங்காகப் போட்டால் இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் தள்ளிப்போகும். செலவு பார்த்து அதை மெலிதாக்கியவர்கள்தான் நிறைய பேர். ஆக மதியம் ஒன்றரைக்கு மொட்டை மாடியில் உச்சம் தொட்ட சூடு, சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழுக்குள், எல்லாரும் வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பும் நேரம் பார்த்து, ஹாலுக்குள் இறங்குகிறது.

அந்த வெப்பம் காற்றுக்காகக் காத்திருப்பதில்லை. அகச்சிவப்புக் கதிராக நேரே உடம்பில் விழுகிறது. கூரைக்கும் தோலுக்கும் ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 6 வாட். உட்கூரை 43, தோல் 34 என்றால், படுத்திருப்பவரின் மேல்பக்கம் ஒரு சதுர மீட்டர்கூட இல்லாவிட்டாலும், அவர்மேல் 30 வாட்டுக்கு மேல் இறங்கும். தூங்குகிற உடம்பு தானாக உண்டாக்கும் வெப்பமே 70, 80 வாட்தான். மின்விசிறியை ஐந்தில் வைத்தாலும் இந்தக் கதிரை அது தள்ளிவிடாது. வியர்வையை ஆவியாக்கி உதவும், அதுவும் வேலூர் மாதிரி வறண்ட வெயிலில் நன்றாகவே உதவும். ஆனால் கூரையை ஒட்டித் தேங்கிய சூடான காற்றையும் சேர்த்துக் கீழே இறக்கும். பழைய வீட்டில் கூரை 12 அடி உயரத்தில் இருந்ததும், வென்டிலேட்டர் அதற்குச் சற்றுக் கீழே இருந்ததும் அந்தக் காற்று மேலேயே கிடந்து வெளியேறத்தான். கூரை 10 அடிக்கு இறங்கியபோது வென்டிலேட்டர் பேருக்கு மிஞ்சியது. கொசுவுக்குப் பயந்து அதற்கும் கண்ணாடி போட்டு அடைத்தார்கள்.

வேலூரைப் பற்றி ஊரில் ஒரு கேலி உண்டு: சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை. கோயில் விஷயம் 1981ல் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்ததும் தீர்ந்தது. கடைசி இரண்டும்தான் இந்தக் கூரைக் கணக்கைக் கெடுக்கின்றன. வெறும் பாறையாக நிற்கும் மலைகள் பகல் வெயிலை வாங்கி வைத்து இரவில் விடுகின்றன. மணலாகக் கிடக்கும் பாலாற்றில் ஆவியாக ஒன்றுமில்லை. ஆவியாதல் சின்ன விஷயமில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் போகும். சாயங்காலம் மொட்டை மாடியில் ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றிய பாட்டிகள் இந்தக் கணக்குப் போடவில்லை, ஆனால் விடை சரி. குடிக்கவே லாரியை எதிர்பார்த்த தெருக்களில் அதுவும் முடியாது.

இன்றைக்குப் போடும் ஃபால்ஸ் சீலிங்கை நான் குறை சொல்லமாட்டேன். அழகைவிட அது செய்யும் வேலை பெரிது. நடுவில் காற்று இடைவெளி விட்டுச் சூடான கான்கிரீட்டை உடம்பின் பார்வையிலிருந்து மறைக்கிறது. அறையின் உயரத்தைக் குறைப்பதும், இருக்கிற வென்டிலேட்டரை மூடிவிடுவதும்தான் அதன் கெட்ட குணம்.

மாடி ஃபிளாட்டில் ரெட் ஆக்சைடு வேண்டுமென்றால் நிறத்துக்காகத் தாராளமாகப் போடலாம். குளிர்ச்சிதான் வேண்டுமென்றால் அந்தப் பணத்தில் ஒரு பங்கு மொட்டை மாடிக்குப் போகட்டும். புதிதாக அடித்த சுண்ணாம்பு வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். சிவப்புத் தட்டோடு அதில் பாதியைக்கூட அனுப்பாது. பங்குனிக் கடைசியில் அடித்தால் கத்திரி முழுக்கத் தாங்கும். தூசு படிந்து மங்கும்போது துடைப்பத்தால் கூட்டிவிட வேண்டும், ஐப்பசி மழையில் கரைந்துவிட்டால் அடுத்த பங்குனியில் மறுபடி ஒரு கோட்.